3807-இல் நின்ற நீலக் கொடி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அன்று நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது. 1954 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.

ஓஹையோவில், பழைய ரயில் இன்ஜின்களை வெட்டி உடைக்கும் யார்டில் எனக்கு வேலை. அன்று 3807 என்ற எண் கொண்ட இன்ஜினின் முறை. நீராவி இன்ஜின்தான், ஆனால் காற்றைக் கிழித்துப் போக மேலே வழவழப்பான எஃகு உறை போர்த்தியது. அது ஓடத் தொடங்கியபோது, பார்க்கவே ஊர் திரண்டு வந்தது. நானும் தொப்பியை வீசிக் கத்தியிருக்கிறேன். அந்த உறைக்குள் புகுந்து பழுது பார்ப்பதுதான் ஃபிட்டர்களுக்கு நரகம். டீசல் இன்ஜின் வந்தது. பதினைந்தே வருடத்தில் இதுவும் பழைய இரும்பு.

மணி 2.40. முகப்பில் ஒரு நீலத் தகரக் கொடி. காலையில் அது இல்லை.

நீலக் கொடி நின்றால் உள்ளே ஆள் வேலை செய்கிறான் என்று அர்த்தம். வைத்தவன்தான் எடுக்க வேண்டும். ரயில்வேயில் இதை மீறுபவன் மனிதனே இல்லை.

சுற்றிப் பார்த்தேன். பனியில் என் காலடித் தடம் மட்டும்.

"யாருப்பா உள்ள?"

ட்டண்... ட்டண்... உறைக்குள் யாரோ போல்ட்டைத் தட்டினார்கள்.

ஃபோர்மேன் டூலி வந்தார்.

"என்ன ஹாவ்லிக், வேடிக்கை பாக்கிறியா?"

"உள்ள ஆள் இருக்கு. வெட்ட மாட்டேன்."

"செத்த இன்ஜினுக்குள்ள எவன்டா இருப்பான்? வெட்டு. இல்லன்னா வீட்டுக்குப் போ."

வீட்டில் மூன்று பிள்ளைகள். இருந்தும் கேஸ் கட்டரைக் கீழே வைத்தேன். "வெச்சவன் வந்து எடுக்கட்டும். உங்க வேலையை நீங்களே வெச்சுக்கங்க."

"கொடி புடுங்குறது எனக்கென்ன புதுசா?" பிடுங்கிப் பனியில் எறிந்தார்.

தட்டல் நின்றது. 3.05.

கட்டரோடு டூலி உறைக்குள் நுழைந்தார், சக்கரங்களுக்கு நடுவே.

நான் வாசலை நோக்கி நடந்தேன்.

க்ர்ரீச்...

திரும்பினேன். 3807 நகர்ந்தது. நெருப்பில்லை. தண்ணீரில்லை. மூன்றடி... நின்றது.

டூலி கத்தவே இல்லை.

முகப்பில்... நீலக் கொடி.

மறுநாள் அதை வெட்ட இரட்டைக் கூலி தருவதாகக் கூப்பிட்டார்கள். வெச்சவன் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

டூலியின் அடக்கத்தன்று ஒரு கிழட்டு ஃபிட்டர் என் அருகில் வந்து நின்றார்.

"நாப்பத்தொண்ணுல இதே இன்ஜின் உறைக்குள்ள என் கூட்டாளி நசுங்கிச் செத்தான். நேரமாச்சுன்னு ஒருத்தன் வண்டியை நகர்த்திட்டான். கொடி தானா விழுந்துச்சுன்னு கடைசி வரைக்கும் சாதிச்சான்."

"யாரு அவன்?"

சவப்பெட்டியைக் காட்டினார்.