டேப்பில் ஏறாத பெயர்கள்

அந்தப் பெண் சொன்னதை நான் வேண்டுமென்றே தவறாக மொழிபெயர்த்தேன். சரியாகக் கேட்கவில்லை, பதற்றத்தில் இருந்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் சொன்னது நன்றாகக் கேட்டது. அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு அந்த அறையில் எனக்குத்தான் இருந்தது. தெரிந்தே மாற்றிச் சொன்னேன். அதனால் அவர் வேலை இழந்தார். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரு பெட்டி தேயிலையும் கிடைத்தன.

அப்போது நான் ஹட்டனில் ஒரு தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் கணினிக்குப் பொறுப்பாக இருந்தேன். அங்கே யூனிக்ஸில் ஓடும் ஒரு சேர்வர் இருந்தது. அதில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று செக்ரோல்: எந்தத் தொழிலாளி எந்த நாளில் வேலைக்கு வந்தார் என்ற பதிவு. மற்றது குடும்பப் பதிவேடு: தோட்டப் பிரிவுகளான நான்கு டிவிசன்களில் யார் எந்த லயத்து வரிசை வீட்டில், யாருக்குப் பிறந்தார்கள், எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள் என்ற விவரம். லயத்தில் பிறந்த வயதானவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தோட்டத்துப் பழைய பேரேட்டில் மையால் எழுதிய ஒரு வரிதான் அவர்களுக்கு இருந்த ஒரே சாட்சி.

அந்தப் பேரேடுகளைத் தனியாக உட்கார்ந்து இரண்டு வருடம் தட்டச்சு செய்தவர் அந்தப் பெண். இருபத்துநான்கு வயதிருக்கும். அந்த அலுவலகத்தில் லயத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். அவர் முடித்த பேரேடுகளை, கறையான் பிடித்தவை என்று சொல்லி, தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் தொழிற்சாலை அடுப்புக்கு அனுப்பிவிட்டார். "கொம்பியூட்டருலதான் ஏறிடுச்சே, இன்னும் எதுக்கு இந்தக் குப்பை?" என்று அவர் கேட்டபோது நானும் தலையாட்டினேன். மூன்று தலைமுறையின் பிறப்பையும் இறப்பையும் தேயிலை காய வைக்க எரித்திருக்கிறோம். எங்களை யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சேர்வரில் மூன்று டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஆளும் கட்டுப்பாட்டு அட்டை ஒன்று உண்டு. அது அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. அதே அட்டை சந்தையில் இல்லை. கொழும்பிலிருந்து வேறொரு மாதிரி வந்தது. அதை யூனிக்ஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் ஒரு ஃப்ளொப்பியில் வந்தது. கூடவே எட்டுப் பக்கக் குறிப்பு. அதன் முதல் பக்கத்திலேயே, எதையும் தொடுவதற்கு முன்னால் டேப்பில் எடுத்த பிரதியைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. படித்துப் பார்க்க இரண்டு மணி நேரமாகும். எனக்கு மூன்று மணி பஸ்ஸில் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கலியாண வரவேற்பு. அதில் என்ன சாப்பிட்டிருப்பேன் என்பதைக்கூட என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் கடைசியில் நான் போகவே இல்லை.

டேப்பைப் படிப்பதற்குப் பதிலாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"புள்ள, பேரெல்லாம் டேப்புல ஏத்திட்டியா?"

"நேத்தே ஏத்திட்டேன் சார். போன மாசம் வரைக்கும் இருக்கு."

மலையகத்தில் பிறக்காதவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆளின் பெயர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலைக்கும் அதுதான் சொல். குறித்த அளவு கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், எத்தனை நாள் வேலை என்றுதான் பொருள். நான் குடும்பப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைக் கேட்டேன். அவர் செக்ரோலில் இருக்கும் பேரைச் சொன்னார். போன மாதம் வரைக்கும் என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவுக்கு ஏது போன மாதம்? நான் ஊரறியாத வெள்ளைக்காரனா? திம்புள்ளையில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவன். என் தாய் அரைப் பேர் விழுந்த நாளில் வீட்டுக்கு வரும்போது முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். படித்து, டை கட்டி, ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்த பிறகு அந்தச் சொல்லின் மற்ற அர்த்தத்தை நான் மறந்ததுபோல நடந்துகொண்டேன்.

டிரைவரை ஏற்றி, அதையும் சேர்த்து யூனிக்ஸின் மையமான கேர்னலைப் புதிதாகக் கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, அட்டையை மாற்றினேன். மறுபடி இயக்கியதும் பாதியில் நின்று, திரையில் 'பேனிக்' என்ற சொல் வந்தது. டிரைவர் எங்கள் யூனிக்ஸின் பதிப்புக்கு உரியதல்ல என்று நினைக்கிறேன். ஃப்ளொப்பியில் இன்னொரு பதிப்பும் இருந்தது. அதை ஏற்றினேன். இப்போது ஓடியது. ஆனால் புதிய அட்டை அந்த மூன்று டிஸ்க்குகளையும் முன்பின் பார்த்திராதவைபோல் நடத்தியது. புதிய அமைப்பை எழுதட்டுமா, இருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்று திரையில் கேட்டது. ஆம், இல்லை என இரண்டே பதில்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, எட்டுப் பக்கக் குறிப்பைப் படித்திருந்தால், பழைய அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழி ஆறாம் பக்கத்தில் தெரிந்திருக்கும். இருந்தது. பின்னால் படித்தேன். மணி இரண்டேகால். டேப் இருக்கிறதே என்று ஆம் என அழுத்தினேன்.

டேப்பில் செக்ரோல் இருந்தது. குடும்பப் பதிவேடு இல்லை.

விசாரணை மறுநாள் காலையில், மேலாளரான துரையின் அறையில் நடந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது. பெரிய கிளாக்கர் சுவரோரம் நின்றார். டேப் யார் எடுத்தது என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் என்றேன். எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்டேன், எடுத்தாயிற்று என்றாள் என்றேன். திரையில் வந்த கேள்வியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பெரிய கிளாக்கர் குனிந்து என்னிடம், "லயத்துப் புள்ளைய ஆபீசுல வைக்காதீங்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன்" என்றார். நான் புன்னகை செய்தேன். ஆமாம், செய்தேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், நீங்க பேருன்னு கேட்டீங்க. நான் செக்ரோல் பேரைத்தான் சொன்னேன். குடும்பப் பதிவுன்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேனே? தொரைகிட்டச் சொல்லுங்க சார்."

"அவள் என்ன சொல்கிறாள்?" என்று துரை என்னைக் கேட்டார்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நினைத்தாளாம், இப்போது மன்னிப்புக் கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டும் புரிந்த பெரிய கிளாக்கர் என்னைத் திருத்தவில்லை.

அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தார். இரண்டு வருடம் ஆங்கிலப் பேரேட்டைத் தட்டச்சு செய்தவருக்கு நான் சொன்னது புரியாமலா போயிருக்கும்? பதிலுக்கு ஆங்கிலத்தில் வாதாட மட்டும் அவருக்கு வரவில்லை. அந்த ஒரு குறைக்குள்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

அன்றே அவரை நிறுத்தினார்கள். விருப்பமானால் மலையில் கொழுந்து பறிக்கலாம் என்றார்கள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். செக்ரோலை ஒரே நாளில் மீட்டதற்காக எனக்குப் பாராட்டு. துரைக்குக் கோபம் வரவில்லை. ஒரு லயத்துப் பெண் தவறு செய்தாள் என்ற செய்தி அவருக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது! அட்டையை வாங்கியது யார், பேரேட்டை எரித்தது யார், ஒரே ஒரு டேப்பை நம்பியது யார் என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அடையாள அட்டைக்கோ வேறு எதற்கோ பதிவு கேட்டு வந்த ஒவ்வொரு தொழிலாளியிடமும் அலுவலகம் ஒரே பதிலைச் சொன்னது: "ஒங்க புள்ளதான் அழிச்சிருச்சு. அதுகிட்டப் போய்க் கேளுங்க." என் மேசைக்கு முன்னால் வைத்தே அதைச் சொன்னார்கள். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்று, மனைவியும் காலமான பிறகு, கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். தவறு என்னுடையது, அந்தப் பெண்ணின் பணிக்கோப்பில் அதைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். நிர்வாகம் கைமாறியிருந்தது. அப்படி ஒரு கோப்பு தங்களிடம் இல்லை என்றும், என் அக்கறைக்கு நன்றி என்றும் பதில் வந்தது. அக்கறையாம்! ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்தவனுக்கு நன்றி சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி திருத்தத் தெரியவில்லை.

பிறகு அவரையே தேடிப் போனேன். மஸ்கெலியாவில் தையல் கடை வைத்திருந்தார். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டு கடையில் விசாரித்தேன்.

"நான் யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன சார். முடிதான் கொட்டிப்போச்சு. உக்காருங்க."

மெஷினை நிறுத்தாமலே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆம் என்று அழுத்தியதை, மாற்றி மொழிபெயர்த்ததை. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இத எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. இங்கிலீசு பேசத்தான் வராது, காது கேக்கும்."

"கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்..."

"கம்பெனியா என்னையத் தண்ணிப் பீலியில வச்சு ஏசுச்சு? தண்ணி புடிக்கப் போனா கொடத்த நகத்தி வைப்பாளுக. எங்கப்பா சாகுற வரைக்கும் பெரட்டுல தலை குனிஞ்சுதான் நின்னாரு. மன்னிப்பு கின்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். அந்தப் பெரட்டுல போய் நின்னு சொல்லுங்க. முடிஞ்சா."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்பார்கள். அடுத்த வாரம் போனேன். அவருடைய டிவிசனில் வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஓர் இளைஞர். இரண்டு நிமிடம்தான், மலைக்கு நேரமாகிறது என்றார். கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். நான் மடத்தனமாக, சேர்வர், கட்டுப்பாட்டு அட்டை, டிரைவர் என்று ஆரம்பித்தேன்.

"என்னா சொல்றாரு இவரு? எலெக்சனுக்கு நிக்கிறாரா?" என்று ஒரு கிழவி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒங்க குடும்பப் பதிவை அழிச்சது நான்தான்" என்றேன். "அந்தப் புள்ள இல்ல. தொரைகிட்ட அது உண்மையைச் சொல்லுச்சு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. ஒருவர் முன்னால் வந்தார்.

"அப்ப எங்கம்மாவ ஐடென்டி காட்டுக்குப் பதிவு இல்லன்னு மூணு தடவ வெரட்டுனாங்களே, அது ஒங்க வேலையா?"

"ஆமாங்க."

அவர் பக்கத்தில் துப்பினார்.

"விடுங்கண்ணே, வயசான மனுசன் வந்து நிக்கிறாரு" என்றாள் ஒருத்தி.

"வயசாகுற வரைக்கும் என்னா பண்ணுனாரு?" என்றார் அவர்.

கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் கலைந்து மலைக்கு ஏறினார்கள்.

சில நாள் கழித்து அந்தப் பெண் தொலைபேசியில் பேசினார். "பாதி ஆளுங்க நம்புறாங்க சார். மத்தவங்க நான்தான் சொல்லிக்குடுத்து ஒங்களைக் கூட்டியாந்தேன்னு பேசுறாங்க."

"நான் இன்னும் என்ன செய்யணும்மா?"

"இன்னும் மூணு டிவிசன் இருக்குல்ல?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த டிவிசன் நோர்வூட் பக்கம். அங்கே தோட்ட நிர்வாகம் என்னைப் பெரட்டுக்குள் விடவில்லை. அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அழித்தபோது என்னிடம் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை, ஒப்புக்கொள்ள மட்டும் கடிதம் வேண்டும்! கொழுந்து நிறுக்கும் மடுவம் பெரிய தெருவோரம் இருந்தது. தெரு யாருக்கும் சொந்தமில்லை. மத்தியானம் அங்கே போய் நின்று, நிறுவைக்கு இறங்கி வந்த பெண்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். பலர் நிற்கவே இல்லை. "வழிய விடுங்க ஐயா, கொழுந்து வாடுது" என்று விலகிப் போனார்கள்.

ஒருத்தி மட்டும் கொழுந்தை நிறுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?"

"மஸ்கெலியாவுல. தையல் கடை."

"சடங்குக்கு என் மகளுக்குப் பாவாடை தைக்கணும். போயி மூஞ்சிக்கு நேராவே கேக்குறேன், நீங்க சொல்றது நெசமான்னு."

எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டாள். நான் சொன்னேன். போனாளா என்று எனக்குத் தெரியாது. மற்ற இரண்டு டிவிசன்களுக்கும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வராவிட்டால் அங்கேயும் தெருவில்தான் நிற்பேன்.