வீதியில் சொன்னது வீட்டுக்குச் சொன்னதாகாது

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்குடியில் ஒரு தருமநிதியத்தின் கல்வித் திட்டங்களுக்கு நான் பிரசாரத் தலைவனாக இருந்தேன். பதவியின் பெயரைக் கேட்டுப் பெரிய கந்தோரை நினைத்துவிட வேண்டாம். புடவைக்கடை முதலாளி ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதக் கொப்பி, உடுப்பு, உபகாரப் பணம் என்று கொடுத்துவந்தார். அதற்கு நிதியம் என்று பெயர் வைத்தார். கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, ஒரு தட்டச்சு மெசின், நான். எனக்குக் கீழே ஒருவரும் கிடையாது. ஆனாலும் தலைவன் தலைவன்தானே.

என் வேலை எல்லாம் வாயாலும் கடதாசியாலும்தான். அச்சகத்துக்குப் போய் நோட்டீஸ் அடிப்பிப்பேன். வாடகைக் காரின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவேன். என் குரல் நல்ல குரல். இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு ஒருவரும் சொல்கிறார்கள் இல்லையே.

அந்த வருசம் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வகுப்பு. வெளியூரிலிருந்து ஒரு ரீச்சரை வருவிக்கவும் ஒழுங்கு செய்துவிட்டார். "வகுப்பறை நிறையப் பிள்ளைகள் வரவேணும். வராட்டி ரீச்சர வந்த பஸ்ஸிலயே அனுப்பிருவன்," என்றார். கணக்கில் கறாரான மனிசன், சொன்னால் செய்வார்.

இதில் என் சொந்தத் தங்கச்சியின் தலையெழுத்தும் மாட்டிக்கொண்டிருந்தது. சாதாரணதரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு வீட்டில் இருந்தாள். டொக்டராக வேணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மட்டக்களப்பில் விடுதியில் விட உம்மா மாட்டேன் என்றுவிட்டா. இங்கே வகுப்பு தொடங்கினால் படிப்பு, தொடங்காவிட்டால் கல்யாணம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. அவளுக்கும் வளவின் மூலையில் அத்திவாரம் வெட்டியாயிற்று. வாப்பா இறக்காமத்தில் வயலும் யானைக் காவலுமாகக் கிடப்பார், கிழமைக்கு ஒருக்கால்தான் வருவார். அதனால் முடிவெல்லாம் உம்மாவின் கையில். உம்மா வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் தங்கச்சி, "காக்கா, வகுப்பு வருமா?" என்பாள். "வராம எங்க போகும், நான் இரிக்கன்தானே," என்பேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருப்பா. கேட்ட மாதிரியே காட்டமாட்டா.

பெயர் எழுதக் குறித்திருந்த முதல் சனிக்கிழமைக்கு நான் செய்த பிரசாரத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. கடைக்குக் கடை நோட்டீஸ். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவித்தல். பிறகு கார். எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன், மாமியும் கேட்கட்டும் என்று. கல்யாணம் முடித்ததிலிருந்து நான் மாமி வீட்டில்தானே இருக்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் ஒன்றும் வரவில்லை. வாப்பாமார் சிலபேர் மட்டும் வந்தார்கள், மகள்மாரைக் கூட்டிக்கொள்ளாமல். கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். "மாஷா அல்லாஹ், நல்ல வேல," என்று முதலாளியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ரீச்சர் பெட்டியைத் திறக்காமலே இருந்தா. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தவணை தந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு ஊரை ஏசினேன். நன்றி கெட்ட ஊர், இந்த ஊருக்கு விஞ்ஞானம் ஒரு கேடா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மாமி சோற்றுக்கு மீனாணம் ஊற்றிக்கொண்டே, "என்ன வகுப்பு? எனக்கு ஆரும் சொல்லல்லயே," என்றா.

நான் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "மாமி, உங்கட வாசலாலதானே நாலு தரம் போன? என்ட குரல்தானே?"

"ஓம், உங்கட குரல்தான். காதடைக்கக் கத்தினீங்க. வீட்டுக்கு வந்து ஆரு சொன்ன?"

மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இஞ்சருங்க, வீதியில சொன்னது வீதிக்கு. பொம்புளைகளுக்கு வீட்ட வந்து சொல்லவேணும். சொல்லாத இடத்துக்குக் கொமர்ப்புள்ளயையும் கூட்டிட்டு எந்த உம்மா வருவா? மானம் மரியாத இல்லயா?"

நான் அந்த ஊரில் பிறந்தவன். கல்யாணம், கத்தம், பெயர் வைப்பு எதுவென்றாலும் பெண்கள் இரண்டு பேராகப் படியேறி, வெற்றிலை வட்டாவுக்கு முன்னால் இருந்து, முறையாகச் சொல்லிவிட்டுப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஒரு வீட்டைச் சொல்லாமல் விட்டதற்காகப் பத்து வருசம் கதைக்காமல் இருந்த குடும்பங்களும் எனக்குத் தெரியும். வகுப்புக்கும் அதே சட்டம் இருக்கும் என்று மட்டும் என் புத்தியில் படவில்லை. கடதாசியை நம்பினவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஞாயிற்றுக்கிழமையே மாமியும் மனைவியும் புறப்பட்டார்கள். கறுத்த குடை, நல்ல சாரி, மாமி கழுத்தில் பெட்டகத்துச் சங்கிலி. ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் கந்தோரில் இருந்து கொட்டாவி விட்டேன். பிரசாரத் தலைவனுக்கு அந்தக் கிழமை ஒரு வேலையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வீதி நிறைந்துவிட்டது. உம்மாமார், சாச்சிமார், இடுப்பில் குழந்தைகள், நடுவில் வெட்கப்பட்டுக்கொண்டு படிக்க வந்த பிள்ளைகள். எல்லாரும் கல்யாணத்துக்கு உடுத்த மாதிரி உடுத்துக்கொண்டு. முதலாளி படியில் நின்று, "இது வகுப்பா, வலீமா விருந்தா?" என்றார். மாமி தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு, "சொல்லிக் கூப்பிட்டா வெறும் வயித்தோட அனுப்பேலா, முதலாளி," என்றா. கணக்கில் கறாரான மனிசன் காசுப்பெட்டியைத் திறந்தார். வாழைக்குலையும் பிஸ்கட்டும் வந்து இறங்கின. ரீச்சர் பெயர் எழுதி எழுதிக் கை உதறினா. எனக்கென்றால் தலைகால் புரியாத சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தில்தான் தங்கச்சியைத் தேடினேன். காணவில்லை. உம்மாவையும் காணவில்லை. மாமியிடம் ஓடினேன். "எங்கட உம்மாக்குச் சொன்ன நீங்கதானே?"

மாமி என்னைப் பார்த்த பார்வையில் நான் அரைவாசியாகிப்போனேன். "சம்மந்தி வீட்டுக்கு நாங்க போய்ச் சொல்றதா? பெத்த மகன் இரிக்கக்குள்ள? அது உங்கட கடம. நீங்க சொல்லியிருப்பீங்க எண்டுதான் நான் இரிந்த."

நான் சொன்னேனா? வகுப்பு வரும் வரும் என்று அந்த வீட்டில் நூறு தரம் கதைத்திருக்கிறேன். எல்லாம் தங்கச்சியோடு. உம்மாவின் முகத்தைப் பார்த்து, "நீங்களும் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிளை எடுத்தேன். பெயர் எழுதுகிறது முடிந்து வகுப்பு நிறைந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். அத்திவாரத்துக்குப் பக்கத்தில் இறக்கியிருந்த செங்கல்லெல்லாம் கண்ணுக்குள் வந்தது.

வாசற்கதவு திறந்துதான் இருந்தது. உம்மா முன் அறைக் கதிரையில் இருந்தா, பெருநாள் சாரி உடுத்து, செருப்பும் போட்டபடி. பக்கத்தில் தங்கச்சி, புதுக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"உம்மா, அங்க எல்லாரும் வந்திட்டாங்க. நீங்க ஏன் வரல்ல?"

"சுபஹு தொழுதிட்டு உடுத்துக்கொண்டு இருந்த. ஊர்ப் பொம்புளைகள் எல்லாம் நம்மட வாசலாலதான் போனாங்க. வாங்க எண்டு கூப்பிட்டாங்க. என்ட மகன்ட வகுப்புக்கு இன்னொருத்தி கூப்பிட்டு நான் போறதா?" குரல் உடைந்தது. "நீ வருவாய் எண்டு இரிந்தன்."

எனக்கு ஒலிபெருக்கிக் குரல், பள்ளிவாசல் குரல் எல்லாம் போய்விட்டது. திரும்பிப் போய்ப் படிக்குக் கீழே நின்றேன். ஸலாம் சொல்லிப் படியேறி வந்து, உம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். "உம்மா, எங்கட நிதியத்தில பொம்புளப் புள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்குது. தங்கச்சியக் கூட்டிக்கொண்டு நீங்க கட்டாயம் வரவேணும்."

உம்மா கண்ணைத் துடைத்தா. "ஓம் மகன், வாறம்," என்றா, ஏதோ தூரத்துச் சொந்தக்காரனுக்குச் சொல்வதுபோல. பிறகு எழும்பி, "வீட்ட பிறகு ஆறுதலாக் கட்டலாம். படிக்கிற நாள் வந்தா நிக்குமா?" என்று கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்தா.

வீதிக்கு இறங்கினோம். உம்மாவுக்குப் பின்னால் குனிந்த தலையோடு நடந்தே பழகியவள் தங்கச்சி. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நிற்காமல் முன்னால் போய்விட்டாள்.