சூட்டுக்கு ஓர் அவுன்ஸ்

அந்த அவுன்ஸ் கிளாஸை ஓவர்சியர் எப்போதும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் ஊற்றுவார். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு ஏறினாலும் திரும்பப் புட்டியில் விட்டுவிடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கொடைக்கானல் மலைச்சாலையில் ஐப்பசி மழைக்கு மண் சரிந்தால், அதை அள்ளும் ஆட்களுக்குத் தலைக்கு ஓர் அவுன்ஸ் ரம். அதை மருந்துச் செலவு என்று எழுதி மேலே அனுப்புவது குமாஸ்தாவான என் வேலை. சர்க்கார் செலவில் குடிக்கக் கூடாது என்று விதி உண்டு. குணமாகக் கூடாது என்று விதி கிடையாது.

ரம் உடம்புக்கு நல்லது என்று அவர் மனதார நம்பினார். தானும் சாயங்காலம் ஒரே ஓர் அவுன்ஸ்தான் குடிப்பார். குடித்த பிறகு சிரிப்பார், எங்கள் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார். அதற்கு முன்னால் அவரிடம் லீவு கேட்டு யாரும் வாங்கியதில்லை. அளவோடு குடிப்பதன் நன்மை என்று நான் நேரில் கண்டது அதுதான். அதிலும் அவர் உடம்பைவிட எங்களுக்கே லாபம் அதிகம். இன்று என் டாக்டர் அந்த ஓர் அவுன்ஸும் வேண்டாம் என்கிறார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை, பக்கத்து மலைக்கிராமமான அடுக்கத்துக்காரர் ஒருவர் தன் பங்கைக் குடித்ததும் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றிப் பாறைமேல் போட்டார்.

"ஏலே, குளுரலையா?" என்றார் கூட மண் அள்ளியவர்.

"அய்யா ஊத்துனது உள்ள அடுப்பா எரியுது. ஒனக்கு வேணும்னா நீ போத்திக்க."

மத்தியானத்துக்குள் அடுக்கத்துக்காரருக்கு வாய் குழறியது. பிறகு நடுக்கமும் நின்று, நனைந்தபடி சாலையோரம் சுருண்டு விழுந்தார். ஓவர்சியர் பதறிப்போய் இன்னும் ஓர் அவுன்ஸ் ஊற்றப் பார்த்தார். பல் கிட்டியிருந்ததால் உள்ளே இறங்கவில்லை. மண் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"ஊத்திக் குடுத்தது யாருங்க?" என்றார் டாக்டர்.

"நான்தான். சூட்டுக்கு."

"சூடு தோலுக்குத்தான். உள்ள இருந்த சூட்டையெல்லாம் வெளிய விட்டுட்டீங்க."

ஓவர்சியர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். விறைத்த அந்தப் பாதங்களைத் தன் மடியில் வைத்து, மேலே தன் கோட்டைப் போர்த்தினார். "கண்ணத் தெறடா. ஒம் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விளக்கேற்றும் நேரத்துக்கு அடுக்கத்துக்காரர் கண் திறந்து கஞ்சி கேட்டார்.

மறுநாளே ரம் நின்றது. பதிலுக்குச் சுக்குக் காப்பி. அதை மேஸ்திரி ஊற்றினார். "மருந்து போயி கசாயம் வந்திருச்சுடோய்" என்று ஆட்கள் முனகினார்கள். தேறி வேலைக்கு வந்த அடுக்கத்துக்காரரும் ஓவர்சியரிடம் ரம்தான் கேட்டார்.

"செத்துப் பொழச்சும் புத்தி வரலையாடா?"

"சூட்டுக்கா குடிச்சோம்? வேற எந்த அதிகாரி எங்களுக்குன்னு நின்னு, தன் கையால ஊத்திக் குடுத்தாரு? அதுக்குத்தாங்கய்யா."

ஓவர்சியர் மேஸ்திரியிடமிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டார். தூறலில் நின்று, வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் தானே ஊற்றினார். அடுக்கத்துக்காரர் குடித்துவிட்டுக் குவளையை மறுபடி நீட்டினார்.

"இதுக்கும் அளவு உண்டுங்களா?"

"இல்லடா, குடி."