அக்காவின் நெஞ்சில் மூன்றாவது சத்தம்

பன்னிரண்டு வயதில் எரியும் கற்பூரத்தில் கையடித்துப் பொய்ச்சத்தியம் செய்ய என்னை வைத்தார்கள். வைத்தவர்கள் வேறு யாருமில்லை, என்னைப் பெற்றவர்களும் அத்தையும்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அப்போது நாங்கள் சூளகிரியில் இருந்தோம். பள்ளியில் இதயம் பற்றிய பாடம் வந்தது. ஒரு புனலையும் ரப்பர் குழாயையும் சேர்த்தால் நெஞ்சுச் சத்தம் கேட்கலாம், முடிந்தவர்கள் செய்து பாருங்கள் என்றார் டீச்சர். மண்ணெண்ணெய்ப் புனலைக் கழுவி, அப்பா தக்காளித் தோட்டத்துக்கு வாங்கிவைத்திருந்த சொட்டுநீர்க் குழாயில் இரண்டு முழம் வெட்டிச் செருகினேன். குழாயை வெட்டியதற்கு ஒரு அடி விழுந்தது. அது நியாயமான அடி.

அப்பாவுக்கு லப்-டப். அம்மாவுக்கு லப்-டப். ஆட்டுக்குட்டிக்கு எண்ணவே முடியாத வேகத்தில் லப்-டப். அக்காவுக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. லப், டப், அதை ஒட்டியே சின்னதாக ஒரு டக். அதன்பின், தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரி போவதுபோல ஓர் உருளல். குழாயில்தான் கோளாறு என்று என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். இரண்டே சத்தம். மறுபடி அக்காவிடம் வைத்தேன். மூன்று.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், நாள் முழுக்க நின்றுகொண்டே ஒயர்களில் சிறு சிறு பாகங்களைப் பொருத்தும் வேலை. கம்பெனி பஸ் பிடிக்க நெடுஞ்சாலை நடைமேம்பாலம் ஏறவேண்டும். பாதிப் படியில் நின்று வண்டிகளை வேடிக்கை பார்ப்பாள். தினமும் பார்க்கும் வண்டிகளில் அப்படி என்ன வேடிக்கை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சத்தத்தைச் சொன்னதும் குழாயை என் காதிலிருந்து பிடுங்கினாள். “யார்கிட்டயும் சொல்லாதடி” என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்காரப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அத்தை கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளையின் அம்மா நல்ல சிரித்த முகக்காரி. என் கழுத்தில் தொங்கிய குழாயைப் பார்த்து, “ஏம்மா டாக்டரு, எனக்கும் பாரேன்” என்று நெஞ்சைக் காட்டினார். வைத்துக் கேட்டு, “லப்-டப்” என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. “உங்கக்காவுக்கு எப்படி அடிக்குது?” என்று கேட்டார்.

என் கண்டுபிடிப்பை முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். எனக்கு வாய் நிற்குமா?

“எல்லாருக்கும் ரெண்டு சத்தம்தாங்க. அக்காவுக்கு மட்டும் மூணு.”

சிரிப்பு அறுந்தது. அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “பொண்ணுக்கு ஏதாச்சும் கோளாறுங்களா?”

அத்தை எழுந்த வேகத்தில் கற்பூரம் ஏற்றிய தட்டோடு வந்து நின்றாள். “வெளயாட்டுக் கழுத! சும்மாதானே சொன்னே? பொய்னு சத்தியம் பண்ணு.” நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துச் சுடர்மேல் கொண்டுபோய் அமுக்கினார். “பொய் சொன்னேன்” என்றேன். சுடர் அணைந்தது. வந்தவர்கள் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டு, நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள். உள்ளங்கை எரிந்ததைவிட இன்னொன்று எரிந்தது: சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் போனதும் அம்மா என்னை அடித்து, குழாயை அரிவாள்மனையில் துண்டு துண்டாக நறுக்கினாள். மூன்று வாரம் நான் அக்காவோடு பேசவில்லை.

நான்காவது வாரம் அவள் கம்பெனியில் நின்ற இடத்திலேயே விழுந்தாள். “சாப்டாம வந்திருப்பா போல” என்று சூப்பர்வைசர் போனில் சொன்னாராம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் நம்ப ஆசைப்பட்டார்கள்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா அக்காவை இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு அப்பாவிடம் சொன்னார்:

“மேல் அறையில ரத்தம் வந்து சேரும். அங்கேருந்து கீழ் அறைக்கு எறங்கணும். கீழ் அறை ரொம்பினதும் அழுத்தி உடம்புக்குத் தள்ளும். தள்றப்போ ரத்தம் மேல திரும்பாம நடுக்கதவு சாத்திக்கும், அது லப். தள்ளி முடிச்சதும் வெளிக்கதவு சாத்திக்கும், அது டப். நல்ல கதவு தெறக்கறப்போ சத்தமே வராது. இவளுக்கு நடுக்கதவு தடிச்சுப் போயிருக்கு. தெறக்கறப்பவே டக்குனு கேக்குது. சந்து வழியா ரத்தம் உருண்டு எறங்குது. கீழ் அறை சரியா ரொம்பல. மேல தேங்குற ரத்தம் நுரையீரல அமுக்குது, அதான் மூச்சு வாங்குது. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?”

வந்தது. வளர்த்தி வலி என்று பத்துப் போட்டிருந்தார்கள்.

“இந்தச் சத்தத்த இதுக்கு முன்னாடி யாருமே கேக்கலையா?” என்றார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையைத் திருகினாள். நானும் வாய் திறக்கவில்லை. சத்தியம் செய்திருந்தேனே.

அவர்கள் மாத்திரை வாங்கப் போனபோது அக்காவிடம் கத்தினேன். “உனக்குத் தெரியும்தானே? எங்கைய அமுக்கறப்போ ஏன் மரமாட்டம் நின்னே?”

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: “ரெண்டு வருசமா தெரியும்டி, படியேறினாலே மூச்சு முட்டும். சொன்னா வேலைக்கும் வேணாம்பாங்க, கல்யாணத்துக்கும் வேணாம்பாங்க. அப்புறம் இந்த வீட்ல என்னை எங்க வப்பாங்க?”

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொடை ரத்தநாளம் வழியாகக் குழாய் விட்டு, கதவின் சந்தில் பலூனை ஊதி விரித்தார்கள். கதவு விலகியது. அக்கா பிழைத்தாள். அந்தப் பழைய காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு இன்றும் வேலைக்குப் போகிறாள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. சிங்காரப்பேட்டைக்காரர்களிடம் எங்கள் வீட்டார் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருந்தார்கள். வீடு திரும்பியதும் அக்காவே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். அத்தை அதன்பின் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. நல்லது.

ஆனால் என் ஆத்திரம் ஒரு மத்தியானத்தில்தான் நிற்கிறது. பலூன் வைத்த மறுநாள், வார்டுக்கு வந்த டாக்டர் கன்னடம் கலந்த தமிழில், “எல்லா சரி ஆயித்தும்மா, இனி பயம் இல்ல” என்றார். அம்மா கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலேயே கேட்டாள்:

“டாக்டர், வெளிய தெரியற மாதிரி தழும்பு ஏதாச்சும் இருக்குங்களா?”

“இல்லம்மா, ஏனும் தெரியாது.”

அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் சந்தோஷமாகச் சிரித்தேன். அக்கா மட்டும் மெல்லப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசி மருந்தின் தூக்கம் இன்னும் தெளியவில்லை போல என்று நினைத்து, போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.