மூன்றாவது ஆடியோ

அண்ணன் எங்களுக்கு விட்டுப்போன சொத்து ஒரு ஹார்ட் டிஸ்க். ஆசை ஆசையாக வாங்கிய டிவிடி, ப்ளூரே தட்டுகளையெல்லாம் துளியும் தரம் குறையாமல் அதில் ஏற்றி வைத்திருந்தான். ஒவ்வொரு படமும் யானை கனம். பெங்களூர் அறையைக் காலி செய்தபோதே தட்டுகள் போய்விட்டன. போன வருஷம் நெஞ்சுவலியில் அவனும் போய்விட்டான்.

டிஸ்க் மட்டும் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டு டிவிக்குப் பின்னால் கிடந்தது. அப்பாதான் அதை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கி ஏறியே ஆயுசைக் கழித்தவர். அந்த இருட்டு ஒன்றும் செய்யாத கண்ணைச் சர்க்கரை வியாதி வாங்கிக்கொண்டது. காதில் ஹெட்போனை மாட்டுவார். ரிமோட்டைத் தடவி ஒரு பொத்தானை அழுத்துவார். பார்வை போனவருக்குப் படம் எதற்கு என்று எனக்குள் எரிச்சலாகக்கூட இருக்கும். பொழுது போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

டிஸ்க் ஒருநாள் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. சாகப்போகிறது என்று புரிந்தது. என்னிடம் இருந்ததோ ஒரு சின்ன டிஸ்க். லீவு நாளில் லேப்டாப்பில் படங்களைச் சுருக்க உட்கார்ந்தேன். முதல் படத்தில் தமிழ், தெலுங்கு, அப்புறம் பெயரில்லாமல் ஒன்று என மூன்று ஆடியோ. எங்கள் வீட்டில் எந்தப் பாஷையில் ஓடினாலும் ஒரே இடத்தில்தான் சிரிப்போம். தெலுங்குப் படத்துக்குத் தெலுங்கு போதும், மற்றதெல்லாம் எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்று வெட்டிவிட்டேன். பல பாஷை புரியும் தங்கவயல்காரர்களுக்கே உரிய கொழுப்பு.

சுருக்கிய படத்தை அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவன் எங்கமா?"

"யாருப்பா?"

"உங்க அண்ணன். பேசமாட்டேன்றான். இன்னா பண்ண நீ?"

அப்பாவுக்கு மனசு பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். போய்ப் பழைய டிஸ்கில் அதே படத்தைத் திறந்து, பெயரில்லாத மூன்றாவது ஆடியோவைத் தட்டினேன்.

"ப்பா, இப்போ பஸ் ஒன்னு வருது. காலியா இருக்குது. அந்தப் பொண்ணு ஏறல. கண்ண தொடச்சிக்கிறா."

அண்ணன். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. லீவுக்கு வரும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் போன் பேசுகிறான் என்று நாங்கள் நினைத்தது இதைத்தான். அப்பாவுக்காகத் திரையில் நடப்பதைப் படம் படமாகச் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறான். நான் அழுதேன். அதைவிட அதிகமாக எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா, படுபாவி?

குரலை மட்டும் தனியாக எடுத்துத் தருகிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"படம் ஓடணும்மா. இல்லன்னா அவன் இன்னாத்த பாத்துச் சொல்லுவான்?"

அண்ணன் குரலில் கைவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். எல்லாம் சின்ன டிஸ்கில் அடங்குவதற்காகப் படத்தைத்தான் நசுக்கினேன். முகங்களெல்லாம் கரைந்து கட்டம் கட்டமாக நின்றன. போனால் போகட்டும், பார்க்க யார் இருக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். கடைசிப் படத்தை ஏற்றி முடித்த கையோடு பழைய டிஸ்க் நின்றுபோனது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

இப்போது அப்பா ஹெட்போன் மாட்டுவதில்லை. அண்ணன் வீடு முழுக்கப் பேசுகிறான். சோறு வடிக்கையில் அவன் குரல் கேட்டு இரண்டொரு தடவை "வந்துட்டேன்டா" என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம், அப்பா அதுவரை கேட்டிராத கடைசிப் படத்தைப் போட்டோம். பாதிப் படத்தில் அவன் சொன்னான். "ப்பா, தூரத்துல யாரோ வராங்க. மூஞ்சி தெரியல. இரு, கிட்ட வந்ததும் சொல்றேன்."

அதோடு குரல் நின்றுவிட்டது. அவன் அதுவரைதான் பதிந்திருக்கிறான். படத்தில் காற்று வீசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்பா முன்னால் சாய்ந்து காத்திருந்தார்.

"யாருமா வரது?"

டிவிக்கு நெருக்கமாகப் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அசைந்து வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் நான் நசுக்கிய கட்டங்கள் இருந்தன.

"தெரியலப்பா" என்றேன். "நிறுத்திடவா?"

அப்பா கையை உயர்த்தி என்னை அடக்கினார்.

"சும்மா இரு. அவன் சொல்லுவான்."