திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் போன மாத்திரை

வேலை நேரத்தில் அப்பா எனக்குப் போன் செய்வதில்லை. அவருக்கு வயது எண்பத்தொன்று. திண்டிவனத்தில் அவருடைய மருந்துக்கடைக்கு ஐம்பதுக்கு மேல். வணிகர் சங்கத் தலைவரும் அவர்தான் என்பதால், சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு என்று பகல் முழுக்க யாராவது அவரைச் சுற்றி இருப்பார்கள். அன்று முற்பகல் பதினொன்றேகாலுக்கு அவர் கூப்பிட்டபோது நான் விழுப்புரத்தில், எங்கள் நாளிதழின் அலுவலகத்தில், உள்ளூர்ப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"தப்பு பண்ணிட்டேம்மா. ஒரு பெரியவருக்குத் தலைசுத்தல் மாத்திரைக்குப் பதிலா சக்கரை மாத்திரைய வெட்டிக் குடுத்துட்டேன்."

மாத்திரைப் பட்டையிலிருந்து வேண்டிய மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு மீதியைப் பெட்டியில் போடுவது வழக்கம். அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைப் பார்த்தால், தலைசுற்றல் பட்டை முழுசாக இருந்தது. சர்க்கரைப் பட்டையில் ஆறு குறைந்திருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளித்தாள்.

சர்க்கரை நோய் இல்லாதவர் அதைப் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும், தலை சுற்றும். தலை சுற்றுகிறதே என்று வீட்டில் இன்னொன்றைக் கொடுப்பார்கள். இதுவரைக்கும் அப்பா நிதானமாகச் சொன்னார். பிறகு, "ஓடிப் போய்ப் புடிம்மா" என்றார்.

பில்லில் அவர்கள் போன் எண் இல்லை. விழுப்புரத்தில் இறங்கித் திருவெண்ணெய்நல்லூர் பஸ் பிடிக்க வேண்டும் என்று பெரியவரோடு வந்த அவர் மருமகள் சொன்னது மட்டும் அப்பாவுக்கு நினைவிருந்தது. பஸ் ஸ்டாண்டு எங்கள் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிடம். ஆட்டோவில் ஏறிக்கொண்டே கேட்டேன்.

"ஆள் எப்படிப்பா இருப்பாரு?"

"பிரஷர் இருக்கு. வலது கால் வீங்கினு இருக்கும். மருமகளுக்கு ரத்தம் கம்மி."

"புடவை என்ன கலர்?"

"அதெல்லாம் யாரு பார்த்தா."

இப்படி ஓர் அடையாளத்தோடு 'காணவில்லை' செய்தி வந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் அறையில் மைக் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சங்கத்தில் பாராட்டு விழா. இரண்டு ஊரிலும் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அதை நினைத்துக்கொண்டு, பையைத் தவறவிட்டவர்கள் வரவும் என்று சொன்னால் போதும் என்றேன். போனில் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பொய் சொல்லாதம்மா. பைதான் கையில இருக்குதேன்னு அவங்க உட்கார்ந்துக்கினு இருப்பாங்க. கடை பேரைச் சொல்லச் சொல்லு. தப்பு கடைக்காரருதுன்னு சொல்லச் சொல்லு."

நேரக் காப்பாளர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கடைப் பெயரைச் சொல்லி, ஊர் முழுக்கக் கேட்கும் குரலில், "குடுத்த மாத்திரை தப்பு. குடுத்தவரே சொல்லச் சொல்றாரு. யாரும் முழுங்க வேணாம்" என்றார். நான்கு பேர் கவரோடு ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் இருமல் மருந்து. நான் தேடியவர்கள் அவர்களில் இல்லை.

திருவெண்ணெய்நல்லூர் பஸ் தொலைவில், இன்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. அந்தச் சத்தத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு மைக் கேட்டிருக்காது. ஓடினேன். படியேறியதும் முகங்களைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தேன். நான்காவது வரிசையில், செருப்பைக் கழற்றிவிட்டு வழியில் நீட்டியிருந்த வலது கால். வீங்கியிருந்தது. அதற்குரியவர் உள்ளங்கையில் மாத்திரை. பக்கத்தில் மருமகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"போடாதீங்க" என்றேன். இவ்வளவு சுருக்கமாக ஒரு தலைப்புகூட நான் எழுதியதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மருமகள் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டாள். "கண்ணாடி போட்டுக்கினுதானே குடுத்தாரு?" என்று கேட்டு, என் போனையும் வாங்கினாள். "ஏங்க தலைவரே, ஊர்ச் சாக்கடைய அப்புறம் பாருங்க. மொதல்ல பட்டைல எழுதியிருக்கறதப் பாருங்க."

"ஆமாம்மா. சரியான மாத்திரைய எடுத்துக்கினு நானே உங்க வூட்டுக்கு வர்றேன்."

"இங்கேயே ஒரு கடையில வாங்கித் தர்றேன்" என்றேன். பெரியவர் தலையாட்டி மறுத்தார். "குடுத்தவரே வந்து குடுக்கட்டும்." மருமகளிடம் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"ஜல்தி எறங்குங்க மேடம், எனக்குப் பேஜாரா போவுது" என்றார் நடத்துநர்.

அப்பா அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் வந்தார். இருவருமாகப் போனோம். கரும்பு வயலைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும், திட்டு வாங்கத் தயாராக வந்த அப்பா நின்றுவிட்டார். வீட்டு வாசலில் இருபது பேருக்கு மேல், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரோடு. "எங்களுதையும் பார்த்துடுங்க" என்றார்கள். மருமகள் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பாவின் முகத்தில் அப்படியொரு உற்சாகத்தை எந்தப் பாராட்டு மேடையிலும் நான் பார்த்ததில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க தனியா பார்க்க வேணாம். பொண்ணும் படிக்கட்டும்" என்றாள் மருமகள்.

அது எனக்குப் பழகிய வேலை. அச்சுப்பிழை பார்க்க எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மூலப்பிரதியைப் படிக்க, மற்றவர் அச்சானதைப் பார்ப்பார். அப்பா டாக்டர் சீட்டைப் படித்தார். நான் பட்டையைப் படித்தேன். முதலில் பெரியவருடையது, எழுத்தெழுத்தாக. ஒத்துப்போனது.

"இன்னொரு தரம்" என்றார் பெரியவர்.

இன்னொரு தரம் படித்தோம். அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அது இறங்கும் வரை அப்பா அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.