அரை வாட் பச்சை விளக்கு

என் அக்காவின் கணவரை அவர் வேலை செய்யும் இடத்தில் 'அரைவாட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சார மீட்டர்களைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது எவ்வளவு கரண்ட் தின்னும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த குளியலறை விளக்கை எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காய்ச்சலில் அக்காவுக்கு இரண்டு காதும் போய்விட்டன. பேசுவாள், நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், வாயில் மட்டும் ஒரு குறையும் இல்லை. வீட்டிலேயே மிதி மெஷினில் துணி தைக்கிறாள். வாசல் மணி கேட்காது என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்திவிட்டு வாசலைப் போய்ப் பார்ப்பாள். ஒரு காலர் தைத்து முடிப்பதற்குள் இரண்டு நடை.

அதைப் பார்க்கச் சகிக்காமல் மாமா, யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தார். அதை வீட்டு விளக்குகளோடு பேசவைத்தார். மணி அடித்தால் தையல் மெஷினுக்கு மேலுள்ள விளக்கு இரண்டு தடவை சிமிட்டும். கேஸ் கசிந்தால் சிவப்பாகி நிற்கும். அன்றிலிருந்து அக்கா வாசலுக்கு நடப்பதை விட்டாள்.

ஆனால் அந்தப் பழைய பெட்டி எழுபது வாட் தின்றது. கரண்ட் போனால் இன்வர்ட்டர் ஒன்றரை மணி நேரத்தில் கையை விரித்துவிடும், எங்கள் பக்கம் போனால் மூன்று மணி நேரம் போகும். மாமா உள்ளூரில் இருந்தவரை எப்படியோ ஓடியது. பிறகு அவருக்கு உத்தரவு வந்தது: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாதத்தில் பத்து நாள் வெளியூர். அக்காவும் ஆறு வயதுப் பாப்பாவும் தனியாக இருக்க வேண்டும்.

"அந்தப் பத்து நாளும் என்கிட்ட வந்து இருக்கட்டும்" என்றார் மாமாவின் அம்மா.

"என் மெஷின் இங்க இருக்கு. துணி கொடுக்கிறவங்க இங்க வர்றாங்க. மாசாமாசம் அனுப்பி வாங்க நான் என்ன பார்சலா?" என்றாள் அக்கா.

முதல் தேதிக்குள் குறைந்த கரண்டில், கைக்கு அடக்கமான விலையில், நம்பி விட்டுப்போகக்கூடிய ஒரு பெட்டி வேண்டும். மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்ன போர்டு வாங்கினார். நாலு வாட்தான். ஆனால் திடீரென்று கரண்ட் போனால் அதன் மெமரி கார்டு படுத்துவிடும் என்று யாரோ சொல்ல, அதை மூடி வைத்தார். பழைய லேப்டாப் ஒன்று வந்தது, அதன் பேட்டரி வயிறு வீங்கியிருந்தது. ஒரு அலுவலகம் விற்றுத்தள்ளிய சின்ன கம்ப்யூட்டர் ஏழு வாட். டிவியோடு இணைக்கிற சின்ன டிவி பெட்டி ஒன்று மூன்று வாட் என்றார்கள். சோற்றில் கை வைத்தவர் எழுந்துபோய், கரண்டை அளக்கப் பிளக்கில் செருகியிருந்த சின்ன மீட்டரைப் பார்ப்பார். வந்து ஒரு கவளம் சாப்பிடுவார், மறுபடி போவார். பார்க்கிற எனக்கே பசி போய்விடும்.

"ஏழு வாட்டையே எடுத்துக்கோங்களேன் மாமா."

"மூணுல முடியும்னா ஏழு எதுக்கு மாப்ளே?"

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. காலையில் டிவி பெட்டியைச் சோதனைக்கு வைத்தார். படிக்கு அடியில் இன்வர்ட்டரிலிருந்து வருவது ஒரே ஒரு பிளக்தான். பழைய கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பிளக்கில் மீட்டரையும் மீட்டரில் டிவி பெட்டியையும் செருகினார். 2.8 என்று காட்டியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டார், எனக்குப் படம் எடுத்து அனுப்பினார், அந்த ஜோரிலேயே, பழைய கம்ப்யூட்டரைத் திரும்பச் செருகாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்தப் பெட்டிக்குள் மணியும் இல்லை, விளக்கும் இல்லை. இன்னும் எதையுமே அதற்கு மாற்றவில்லை. ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடந்ததால்தான் அது 2.8 காட்டியது. மீட்டரோடு இருபது வருடம் வாழ்ந்த மனிதருக்கு அது தோன்றவில்லை.

மதியம் பள்ளி வேன் பாப்பாவை இறக்கிவிட்டுப் போனது. அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே விளக்கைப் பார்த்தாள். அது சிமிட்டவில்லை, வேன் தாமதம் என்று நினைத்தாள். குப்பையில் நூலைக் கொட்ட அவள் கதவைத் திறந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வெயிலில் முகம் சிவந்து, கண்ணீர் காய்ந்து, படியில் உட்கார்ந்திருந்தது குழந்தை.

"நூறு தடவை அமுக்கினேம்மா. நீ வரவே இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு மாமாவைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். ஆனால் சாயங்காலம் நான் போனபோது அவர் படிக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. தைத்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் மாமா தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"ஒரே ஒரு தடவை மறந்துட்டேன்" என்றார், அவள் முகத்தைப் பார்த்து.

"மறந்ததைச் சொல்லல. மணி அடிக்கலைன்னாலும் விளக்கு சும்மா இருக்கு, பெட்டி செத்தாலும் சும்மா இருக்கு. எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க வாட்டைப் பார்க்குறீங்க. அது உயிரோட இருக்கான்னு நான் எதைப் பார்க்குறது?"

அந்த வாரம் மாமா தூங்கினாரா என்று தெரியாது. டிவி பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கரண்ட் போய் வந்தால் அதைக் கையால் அமுக்கினால்தான் எழுந்திருக்குமாம். ஏழு வாட் கம்ப்யூட்டர் தானே எழுந்துகொள்ளும், இன்வர்ட்டரில் அரை நாள் தாங்கும். அதைப் படிக்கு அடியில் வைத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார். பிறகு தையல் மெஷினுக்கு மேல் பச்சையாக ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொன்னால்தான் அது எரியும். சொல்லாவிட்டால் தானாக அணைந்துவிடும்.

"எவ்வளவு?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"அரை வாட்."

"ராத்திரி பகலாவா? சும்மாவா?"

"எரியட்டும் மாப்ளே" என்றார். குளியலறை விளக்கை அணைத்த மனிதர்.

முதல் தேதி கிளம்பிப் போனார். போன இடத்திலிருந்து எனக்குச் செய்தி வந்தபடி இருந்தது: பச்சை எரியுதா? கரண்ட் போச்சா? அக்கா எழுந்து போறாளா? மூன்றாவது கேள்விதான் அவருடைய உண்மையான கேள்வி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் தினமும் போய்ப் பார்த்தேன். பச்சை எரிந்தது. அக்கா எழுந்து போனாள். "அதான் எரியுதேக்கா" என்றால், "எரியட்டும்" என்று சொல்லிவிட்டு நடப்பாள். அதையும் அப்படியே அவருக்கு எழுதினேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

ஏழாம் நாள் கரண்ட் போயிருந்தது. வேன் வரும் நேரம். நான்தான் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தேன். அக்கா தலை நிமிர்ந்து பச்சையைப் பார்த்தாள், கால்சட்டை மடிப்பை ஊசிக்கு அடியில் தள்ளினாள்.

"உட்காருடா. நீ நடக்கிறது எனக்குத் தொந்தரவா இருக்கு."

விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. அப்போதுதான் எழுந்தாள்.

'இன்னிக்கு அக்கா வாசலுக்குப் போகலை' என்று மாமாவுக்கு எழுதினேன். படித்துவிட்டார் என்று போன் காட்டியது. அன்று முழுக்க அவரிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.